உள்ளே யாரும் இல்லை

புயல் கரையேறிய அன்று பிற்பகல் தூதரகக் கட்டடத்தில் இருந்தவர்கள்:

இரண்டாம் செயலர். சமையல்காரர். விசா கூடத்து பெஞ்சில் மூன்று வாரமாகக் குடியிருந்த ஒரு பெண். சுவரில் நாட்டுத் தலைவரின் படம். அவரைக் கணக்கில் சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் விருப்பம்.

தலைமையகத்துக்குப் போன அறிக்கைப்படி இருந்தவர்கள்: யாருமில்லை.

அந்த அறிக்கையை எழுதியதும் இரண்டாம் செயலர்தான். செயலர் என்ற மரியாதையெல்லாம் பெயர்ப்பலகையோடு சரி. குழாய் ஒழுகினாலும் அவன்தான் பார்க்க வேண்டும், புயல் அடித்தாலும் அவன்தான் பார்க்க வேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்தத் தூதரகத்தில் ஆண்டி அவன்.

அறிக்கை எழுதுவதில் அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. தலைமையகத்தின் கடிகாரம் பல மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே சாயங்காலம் நடப்பதைச் சாயங்காலம் எழுதினால் அங்கே படிக்க ஆள் இருக்காது. மறுநாள் 'தாமதம்' என்று ஒரு குறிப்பு வரும். அதனால் சாயங்கால அறிக்கையை மதியமே அனுப்பிவிடுவார்கள். விருந்துக்கு அடுப்பு மூட்டும் முன்பே 'விருந்து இனிதே நடைபெற்றது' என்று போயிருக்கிறது. 'அமைச்சர் மிக்க மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று போயிருக்கிறது. அந்த அமைச்சர் அன்று விமானத்தையே தவறவிட்டது வேறு கதை. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைப்பதற்கு அந்த அலுவலகத்தில் திறமை என்று பெயர்.

தூதரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் வீடு மேட்டில் இருந்தது. தூதரகம் துறைமுகத்தை ஒட்டிப் பள்ளத்தில். காலையில் அவர் வீட்டிலிருந்து போன் செய்தார். பிற்பகலில் தம் காரை அனுப்புவதாகவும் மிச்சம் இருப்பவர்கள் அதில் மேட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அறிக்கை மட்டும் அதற்கு முன்பே போய்விட வேண்டும், லைன் அறுந்துபோனால் தம் தலைதான் உருளும் என்றார். அவன் எழுதினான்: கட்டடம் முழுவதும் காலி செய்யப்பட்டது. அனைவரும் பாதுகாப்பாக உள்ளனர். உள்ளே யாரும் இல்லை. ஒரு பிரதி இந்த நாட்டு வெளியுறவுத் துறைக்கும் போனது. அதுவும் வழக்கம்.

பெரியவரின் காரில்தான் போக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அது பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் வீட்டு வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்தவள். வீட்டு முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டான், அவளையும் பூட்டிவைத்தான். ஒருநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனவள் பக்கத்து வீட்டு மதில் வழியாக இறங்கி, செருப்பில்லாமல் தூதரகத்துக்கு நடந்து வந்துவிட்டாள். மறுநாளே நகை திருடிவிட்டாள் என்று அவன் போலீசில் புகார் கொடுத்தான். முதலாளி சம்மதம் இல்லாமல் வேலைக்கு வந்தவர்கள் யாரும் இங்கிருந்து விமானம் ஏற முடியாது. தூதரகத்துக்குள் போலீஸ் வர முடியாது. வாசல் தாண்டினால் பிடித்து அவன் வீட்டுக்கோ சிறைக்கோ கொண்டுபோவார்கள். பெரியவரின் காரை மட்டும் யாரும் நிறுத்திச் சோதிக்க முடியாது. இரண்டாம் செயலர் மூன்று வாரமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். பதில் எழுதுபவர்களும் நன்றாகவே எழுதினார்கள்.

சமையல்காரர் அவளுக்கு 'விருந்தாளி' என்று பெயர் வைத்திருந்தார்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தாம்மா. நீ மூணு வாரம் ஓட்டிட்டே."

"அப்ப என்னை மருந்துன்னு வச்சுக்குங்கண்ணே. கசந்தாலும் முழுங்கித்தான் ஆகணும்."

கார் வரவில்லை. காற்று வந்தது. எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரை முதலில் முனகியது, அப்புறம் ஒரு பக்கம் எழுந்து கையாட்டியது, அப்புறம் காணோம். கண்ணாடிக் கதவின் இடுக்கில் திணித்திருந்த பழைய செய்தித்தாள்கள் வழியாகத் தண்ணீர் நூல்நூலாக இறங்கியது.

கார் வரும் என்று அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். ஊரில் டிவியில் சொன்னார்களாம், தூதரகத்தில் எல்லோரையும் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"என்னங்க, பெரியவர் வீட்டுலயா இருக்கீங்க?"

ஆமாம் என்றான்.

"அங்க என்ன அப்படிச் சத்தம்?"

மேட்டில் காற்று அதிகம் என்றான். பத்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இவன் பொய்யின் எடை தெரியும்.

"வருஷத்துக்கு ஒண்ணா நீங்க போட்ட டிரான்ஸ்பர் மனு மூணும் அப்படியே கிடக்கு. அதை மட்டும் டிவில சொல்ல மாட்டேங்கிறாங்க," என்றாள். அதோடு மொபைல் டவரும் போய்விட்டது.

கூடத்து மேசையில் பழைய லேண்ட்லைன் ஒன்று இருந்தது. பெரியவர் வீட்டுக்குப் போட்டான். டிரைவர் கிளம்பிப்போய் வெகு நேரம் ஆயிற்றாம். இங்கே வரவில்லை, தன் வீட்டுக்குப் போயிருக்கிறான். அறிக்கை போய்விட்டது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கை போனால் காரியம் முடிந்தது என்பது அந்த டிரைவருக்கும் இத்தனை வருஷப் பழக்கம். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டான். இப்போது வேறு வண்டி எடுக்கவும் வழியில்லை. மேட்டுப்பாதையில் மரம் விழுந்து கிடந்தது.

"அப்ப அறிக்கை பொய்யா?" என்றார் பெரியவர்.

"நீங்கதான் சார் முன்னாடியே அனுப்பச் சொன்னீங்க."

"அனுப்பச் சொன்னேன். பொய்யா எழுதச் சொன்னேனா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டான். கடல் தெருமுனைக்கு வந்துவிட்டது, மூன்று பேரும் மாடிக்கு ஏற அனுமதி வேண்டும் என்றான்.

மாடிக்குப் போவது படியேறுகிற விஷயம் இல்லை. கீழே கூடமும் சமையலறையும்தான். படி முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு. அதற்கப்பால் மாடி முழுவதும் ரகசியப் பகுதி. அனுமதிச் சீட்டு இல்லாத யாரும் கால் வைக்கக் கூடாது. சமையல்காரரே எட்டு வருஷமாக டீயைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வைத்து, மணி அடித்துவிட்டு, இறங்கிவிடுவார். அதன் சாவி, வாசல் சாவியோடு ஒரே கொத்தாக, இரண்டாம் செயலரின் இடுப்பில் இருந்தது. சாவி இருப்பது வேறு, சீட்டு இல்லாதவருக்குத் திறப்பது வேறு.

நீயும் சமையல்காரனும் போவதென்றால்கூட எப்படியாவது சமாளிக்கலாம், திருட்டுப் புகார் உள்ள ஒரு பெண்ணை ரகசியப் பகுதியில் விடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, தலைமையகத்தைக் கேள் என்றார் பெரியவர். இல்லாவிட்டால் அரசாங்க முகாமுக்கு அனுப்பிவிடு என்றார். முகாம் வாசலில் போலீஸ் அடையாள அட்டை கேட்கும். அது அவருக்கும் தெரியும்.

தலைமையகத்துக்குப் பேச சாட்டிலைட் போன். அது வானத்தைப் பார்த்தால்தான் பேசும். அவன் முன்வாசல் படியில், முழங்கால் தண்ணீரில் நின்று பேசினான். சமையல்காரர் குடை பிடித்தார். முதல் காற்றிலேயே குடை மல்லாந்து கிண்ணமானது. அதன்பின் அவர் சும்மா கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலைமையகத்தில் எடுத்தவருக்கு நல்ல குரல். அவசரமே தெரியாத குரல்.

"உங்க அறிக்கை என் முன்னாடிதான் இருக்கு. உள்ளே யாரும் இல்லைன்னு போட்டிருக்கு."

"நான் உள்ளே இருந்துதான் சார் பேசறேன்."

"இல்லாதவங்களுக்கு நான் எப்படி அனுமதி கொடுக்கறது? முதல்ல திருத்தின அறிக்கை அனுப்புங்க."

"அனுப்பற மெஷின் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு சார்."

"சாவி உங்ககிட்டதானே? அந்தம்மாவை வெளியே விட்டுட்டு, நீங்க மட்டும் உள்ளே போய் அனுப்புங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அவன் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தபோது லைன் அறுந்தது. நல்லதாயிற்று. சொல்ல வந்தது ஒரு அரசாங்க ஊழியர் சொல்லக்கூடிய சொல் இல்லை.

உள்ளே திரும்பியபோது கூடத்தில் நாற்காலிகள் மிதந்தன. அவள் விசா கவுன்டர் மேல் ஏறி உட்கார்ந்து, மூன்று வாரத்தில் சேர்ந்த உடைமையையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். தலைவர் படம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு முகம் மேலாக மிதந்து வந்தது. சமையல்காரர் அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் சாத்தி, நீங்களாவது நனையாம இருங்க என்றார்.

அப்போதுதான் போலீஸ் லாரி வந்தது. உயரமான லாரி, தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து வாசலில் நின்றது. பின்னால் நனைந்த ஜனம். ஒரு போலீஸ்காரன் ஒலிபெருக்கியில், உள்ளே எத்தனை பேர், வாருங்கள், இதுதான் கடைசி வண்டி என்று இந்த ஊர் பாஷையில் கத்தினான்.

சமையல்காரர் அவனைப் பார்த்தார். மற்றவர்கள் முன்னால் சார், யாருமில்லாதபோது தம்பி. இப்போது தம்பி என்றார்.

"தம்பி, நாம ரெண்டு பேரும் ஏறிடலாம். பொண்ணு?"

"நான் ஏறமாட்டேன்," என்றாள் அவள். "நீங்க போங்கண்ணே. சார், நீங்களும் போங்க. பாவ புண்ணியமெல்லாம் பாக்காதீங்க. ஆனா என்னைப் பிடிச்சு ஏத்தினீங்கன்னா கடிச்சுருவேன்."

அவள் அழவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அழுதால் சமாதானம் சொல்லலாம். சமாதானம் சொல்வது அவன் வேலை, பயிற்சியே உண்டு.

அவன் வாசல்வரை போய், கையை விரித்துக்காட்டினான். யாரும் இல்லை. போலீஸ்காரன் அவனையே உற்றுப் பார்த்தான். இடுப்புவரை நனைந்து நிற்கிற ஒருவன் உள்ளே யாரும் இல்லை என்கிறான். பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். லாரி போய்விட்டது. ஒரே நாளில் ஒரே பொய்யை அவன் இரண்டாம் தடவை சொல்லியிருந்தான். முதல் தடவை சம்பளத்துக்கு.

"போச்சு," என்றார் சமையல்காரர், கோபம் எதுவும் இல்லாமல். பருப்பு அடிபிடித்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

மூன்று பேரும் படியேறி இரும்புக் கதவுக்கு வெளியே நின்றார்கள். படிக்கட்டில் கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது. கட்டடம் கட்டியவர் அழகு பார்த்திருக்கிறார். அந்தக் கண்ணாடி மூச்சு விடுவது போல உப்பி உள்வாங்கிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் படிபடியாக ஏறியது. டீ வைக்கிற ஸ்டூலை அவளுக்கு உட்காரக் கொடுத்தார் சமையல்காரர்.

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு? சாமியா?"

"பைல்."

"பைல் நனையக் கூடாது. நான் நனையலாம்."

அவன் கை இடுப்புச் சாவிமேல் இருந்தது. இந்தக் கதவைத் திறந்தால் வேலை போகும். போகாவிட்டாலும், இனி எந்த ஊரிலும் எந்தக் கதவின் சாவியும் அவன் கைக்கு வராது. கையில் சாவி இல்லாத அதிகாரியும் பெஞ்சில் குடியிருப்பவனும் ஒன்றுதான். இதையெல்லாம் அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வெடித்தது. காற்று ஒரு மிருகம் போல உள்ளே வந்தது. அவள் முன்கையில் கண்ணாடி கீறி ரத்தம் வழிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன தம்பி. திறங்க," என்று கத்தினார் சமையல்காரர்.

இரக்கப்பட்டுத் திறந்தான் என்றால் அது பொய். எரிச்சலில்தான் திறந்தான். அந்த நல்ல குரல்காரர்மேல், டிரைவர்மேல், மூன்று மனுக்கள்மேல், தன் கையெழுத்தின்மேல் இருந்த எரிச்சல் அத்தனையும் சாவியில் ஏறியிருந்தது. அவளை முதலில் உள்ளே தள்ளினான். அப்புறம் சமையல்காரர். அப்புறம் அவன். மூன்று பேரும் தோள் கொடுத்துக் கதவைச் சாத்திய பின்தான் காது கேட்டது.

சமையல்காரர் எட்டு வருஷமாகப் பார்க்காத இடத்தைச் சுற்றிப் பார்த்தார். கால் உடைந்த சுழல்நாற்காலி. காலி அட்டைப்பெட்டிகள். துணி போர்த்திய மெஷின். கூரை ஒழுகும் இடங்களில் வாளிகள். ஜன்னல் மேடை முழுக்க, காய்ந்த டீக்கறையோடு, வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள்.

"இதுக்கா இத்தனை பூட்டு?" என்றார். அப்புறம் டம்ளர்களைப் பார்த்தார். "எட்டு வருஷமா தேடறேன் தம்பி. டம்ளர் திருடறேன்னு எனக்கு மெமோ கொடுத்தீங்க."

அந்தப் பெண் சிரித்தாள். அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. கைக்குட்டையால் அவள் கையைக் கட்டிவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். மெஷினுக்கு மின்சாரம் இல்லை. திருத்தின அறிக்கை அனுப்ப வழியில்லை. அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

காலையில் காற்று ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, சேறு மிச்சமிருந்தது. அவன் கீழே இறங்கி வாசல் கதவைத் திறந்துவைத்துச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பாதையில் விழுந்த மரத்தை அகற்றிவிட்டார்கள் போல, பெரியவரின் கார் வந்தது. பெரியவர் சவரம் செய்து, ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். முகத்தில் ஒரு பிரகாசம். மேட்டில் லைன் விடியற்காலையிலேயே வந்துவிட்டதாம். புயலுக்கு முன்பே முழுசாகக் காலி செய்த ஒரே தூதரகம் நம்முடையதுதான் என்று மந்திரி நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டாராம். பாராட்டுச் செய்தி வந்திருக்கிறதாம்.

அவன் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு கார் வந்து நின்றது. அதிலிருந்து அந்த முதலாளி இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை. கூடவே ஒரு போலீஸ் அதிகாரி.

முதலாளி மரியாதையாகவே பேசினான். எதிர்த் தெருவில் ஒருவன் விடிந்ததும் மாடி ஜன்னலில் ஒரு பெண்ணைப் பார்த்தானாம். கட்டடம் இப்படிச் சேறாகிவிட்டது, இனி அவளை எங்கே வைத்துக்கொள்வீர்கள், கொடுத்துவிடுங்கள், நகைப் புகாரைக்கூட நான் பெரிதுபடுத்தமாட்டேன் என்றான். போலீஸ் அதிகாரி பெரியவரைப் பார்த்து, இருக்கிறாளா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

பெரியவர் இரண்டாம் செயலரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாடியில இருக்கா சார்," என்றான் அவன் தமிழில், தாழ்ந்த குரலில். "கதவுக்கு உள்ளே."

பெரியவர் முகத்திலிருந்த பிரகாசம் விளக்கை அணைத்தது போலப் போயிற்று. இருக்கிறாள் என்றால் அறிக்கை பொய். அறிக்கை பொய் என்றால் மந்திரி நாடாளுமன்றத்தில் சொன்னது பொய். ஒரு பெண்ணுக்காகப் பெரியவர் சுண்டுவிரலைத் தூக்கமாட்டார். ஆனால் அறிக்கைக்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார்.

"நேற்று மதியத்திலிருந்து இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை," என்று அவர் இந்த ஊர் பாஷையில், விருந்துகளில் பேசுகிற குரலில் சொன்னார். "எங்கள் அரசாங்கத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உங்கள் அரசாங்கத்திடமும் பிரதி இருக்கிறது. அதைச் சந்தேகப்படுகிறீர்களா?"

போலீஸ் அதிகாரி சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டால் அவர்தான் பத்து கடிதம் எழுத வேண்டும். முதலாளி மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். ஜன்னல் மேடையில் டம்ளர்கள் மட்டும் தெரிந்தன. சேற்றில் சறுக்காமல் கவனமாகக் கால் வைத்துக் காருக்குப் போனான்.

அவர்கள் போனதும் பெரியவர் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து இங்க யார் இருந்தா?"

"யாரும் இல்ல சார்."

"நீ?"

"நானும் இல்ல."

"அப்ப அந்தக் கதவைத் திறந்தது யாரு?"

பெரியவர் கையை நீட்டினார். அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

பிற்பகல் நிவாரண விமானம் ஒன்று ஊருக்குத் திரும்பிப் போகிறது, அதற்கு மட்டும் முதலாளி சம்மதமோ போலீஸ் சான்றோ கேட்கமாட்டார்கள், தூதரகத்தின் பயணச் சான்று போதும் என்றார் பெரியவர். மாடிக்குப் போய்த் தம் கையாலேயே அதை எழுதிக் கையெழுத்திட்டு, மை உலர ஊதினார். அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் இங்கே இருந்ததற்கு அடையாளமே இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

அப்புறம் அவனிடம் வந்தார்.

"உன் டிரான்ஸ்பர் மனு மூணு கிடக்குல்ல? ஒண்ணுல கையெழுத்துப் போட்டுட்டேன். அந்த விமானத்துலயே நீயும் போயிடு."

"சார்..."

"கெட்டது எதுவும் எழுதமாட்டேன். எழுதவும் முடியாது, நீதான் இங்க இல்லையே. ஆனா இனிமே உன்கிட்ட சாவி கொடுக்க முடியாதுப்பா. எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்கும் வாய்வார்த்தையா சொல்லிடுவேன்."

மூன்று வருஷம் கெஞ்சிக் கேட்டது காறித்துப்பியது போல வந்து விழுந்தது. துடைத்துக்கொள்ளத்தான் வேண்டும். சண்டை போட ஏதாவது வார்த்தை கிடைக்குமா என்று தேடினான். எல்லா வார்த்தையும் அறிக்கைக்குப் போயிருந்தது.

சமையல்காரர் மாடியிலிருந்து டம்ளர்களை ஒரு வாளியில் போட்டு இறக்கிக்கொண்டிருந்தார். பாதிப் படியில் நின்று, டீ போட அடுப்பு இல்லை தம்பி, இல்லாவிட்டால் சும்மா அனுப்பியிருக்கமாட்டேன் என்றார். அவன் தலையாட்டினான்.

காரின் பின்கதவு திறந்திருந்தது. வெளியிலிருந்து தெரியாதபடி அவள் இருக்கைக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், பிளாஸ்டிக் பையோடு சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார். இந்தத் தடவை வண்டி நிஜமாவே வந்திருக்கு."

அவன் வாசற்படியில் இறங்கினான். சேற்றில் காலணி புதைந்தது. ஏதாவது மறந்துவிட்டேனா என்று திரும்பினான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் அவனைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினார், இழுத்துப் பார்த்தார், சாவியைத் திருப்பினார்.